உன் அம்மாவின் முதுகு

தம்பி,

நீ அனுப்பிய வண்ணப் புத்தகம் நேற்று மதியம் கூரியரில் வந்து சேர்ந்தது. நல்ல வழுவழுப்பான தாள், நல்ல படங்கள். கடக்வாஸ்லா அணை தெரிகிற மாதிரி கட்டியிருக்கிற முதியோர் இல்லம், அதைப்போல இன்னும் ஐந்து ஊர்களில் வரப்போகிற இல்லங்கள், அத்தனைக்கும் தர நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன் நீ. போன வாரம் போனில், "திறப்பு விழாவுக்கு வந்துருங்கப்பா, உங்களுக்கு ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன், பால்கனியோட" என்றாய். சந்தோஷமாகத்தான் புரட்டிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் வானவடி இல்லத்தின் படம் இருந்தது. நீ முதன்முதலில் தரச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்த முதியோர் இல்லம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், உன்னுடைய முறை நடைமுறைக்கு வந்த பிறகு அங்கே ஒருவருக்குக்கூடப் படுக்கைப் புண் வந்ததில்லை என்று போட்டிருந்தது. உன் அம்மா பதினான்கு மாதம் படுத்துக் கிடந்த இல்லம் அது. புத்தகத்தை வீசி எறிந்தேன். அடுப்படியில் போய் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து நானே போய் எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆத்திரப்பட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நானே குற்றவாளி.

இதைத் தமிழில் எழுதுகிறேன் என்று நீ சலித்துக்கொள்வாய். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், தெரியும். அதற்காகவேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மேலோட்டமாக ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் உனக்கு வந்துவிட்டது. இதை ஒரு வரி ஒரு வரியாக மெதுவாகப் படி. இதன் நகல் ஒன்றை நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். புனேயில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இப்படிப்பட்ட இல்லங்களில் பெற்றவர்களைச் சேர்த்துவிட்டுத் தவிக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே பல இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும். உன் பெயரையோ என் பெயரையோ எங்கும் எழுதவில்லை. உனக்கு மட்டும் ஒரு வாரம் முன்னதாக அனுப்புகிறேன். அந்த ஒரு வாரத்தில் நீ என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹடப்சர் தொழிற்பேட்டையில் பம்பு செய்கிற கம்பெனியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். கையில் அளவுக்கருவி இல்லாமல் எதையும் நம்பாதவன், மைக்ரான் கணக்கில் பிசகினாலும் பம்பு பீஸைத் திருப்பி அனுப்புகிறவன் என்று பெயர். மெஷின்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் ஊரெல்லாம் தரச் சான்றிதழ் மோகம் வந்தது. எங்கள் கம்பெனியிலும் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள், சுவரில் கொள்கை எழுதி மாட்டினார்கள். அளவுக்கருவிகளை மாதாமாதம் சரிபார்த்ததாகப் பதிவேடு இருக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் அப்படி எதையும் எழுதி வைத்ததில்லை. தணிக்கைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஆறு மாதப் பதிவை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் உருவாக்க வேண்டும் என்று மேனேஜர் என் தலையில் கட்டினார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் தலையில் கட்டினேன்.

நீ அப்போது பத்தாவது. உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தோம். நீல மை, கறுப்பு மை என்று ஐந்து பேனா வாங்கி வந்திருந்தேன், ஒரே நாளில் எழுதியது தெரியக் கூடாது அல்லவா? பக்க ஓரங்களை மடித்துவிட்டோம். டீக் கிளாசை வைத்து ஒரு பக்கத்தில் வட்டக் கறை உண்டாக்கினோம். அதற்கு மேல் ஒரு யோசனையை நீயாகவே சொன்னாய்: எல்லாமே சரியாக இருந்தால் சந்தேகம் வரும், அதனால் நடுவில் இரண்டு இடத்தில் தப்பான அளவை எழுதி, அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடலாம் என்று. நான் உன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைய வச்சுப் பொய் எழுதச் சொல்லுதியளே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது, போ என்றேன். தணிக்கைக்கு வந்தவர் அந்த அடித்துத் திருத்திய இடங்களைத்தான் காட்டி, இது உண்மையான பதிவேடு, எல்லோரும் இப்படி வைத்திருக்க வேண்டும் என்று பாராட்டினார். அன்று சாயங்காலம் உன்னைக் கேம்ப் கடைத்தெருப் பக்கம் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். இந்தக் கதையை எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதன் பிறகு நீ இன்ஜினீயரிங் முடித்தாய், கம்பெனிகளுக்குச் சான்றிதழ் வாங்கித் தரும் ஆலோசகன் ஆனாய், என்னைவிட நாலு மடங்கு பெரிய ஆள் ஆனாய். புதிய நூற்றாண்டு பிறந்து மூன்று நாலு வருஷத்தில் உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் ஒரே காலையில் போயிற்று. ஏழு மாதம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். தூக்கித் தூக்கிப் போட்டதில் எனக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் வரைக்கும் போனது. அப்புறம்தான் வானவடியில் ஒரு டாக்டர் தம்பதி நடத்திய அந்த இல்லத்தில் சேர்த்தோம். பெரிய பங்களாவை மாற்றிக் கட்டியது, இருபத்திரண்டு படுக்கை. நான் தினமும் நாலு மணிக்கு ஸ்கூட்டரில் போய் ஆறு மணி வரை இருந்துவிட்டு வருவேன்.

அங்கே ஷோபா மாவ்ஷி இருந்தாள். ஆயாக்களை இந்த ஊரில் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள், சித்தி மாதிரி. ஐம்பது வயதுக்காரி, இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அவளுக்குக் கடிகாரம் கிடையாது. காலை டீ கொடுத்தால் இடது பக்கம், குளிப்பாட்டினால் வலது பக்கம், பருப்பு சாதம் ஊட்டினால் நிமிர்த்திச் சாய்த்து, பால்காரன் வந்தால் மறுபடி இடது பக்கம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் இடுப்பெலும்பு, வால் எலும்பு, குதிகால் என்று கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அழுத்தின இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் ஒன்றுமில்லை. சிவப்பு அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அன்று முழுக்க அந்தப் பக்கம் படுக்க விடமாட்டாள். மெலிந்தவர்களுக்குத்தான் சீக்கிரம் புண் வரும் என்று சமையல்காரனோடு சண்டை போட்டு உன் அம்மாவுக்கு இன்னொரு கரண்டி பருப்பு வாங்கி வருவாள். எட்டு மாதம் உன் அம்மா உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அந்த எட்டு மாதத்துக்கு எந்தக் காகிதமும் கிடையாது.

அப்புறம் நீ வந்தாய். அம்மா இருக்கிற இடம் நன்றாக இருக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் வந்தாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. டாக்டரம்மாவிடம் பேசி, ஒரு பைசா வாங்காமல், நாலு மாதம் அலைந்து அந்த இல்லத்துக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாய். நியாயமாகச் சொல்ல வேண்டும், உன் முறையால் சில நல்லதும் நடந்தது. மாத்திரை ஒருவருக்குப் பதில் இன்னொருவருக்குப் போவது நின்றது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வந்தது, வழுக்கி விழுவது குறைந்தது. தண்ணீரை மாதம் ஒருமுறை சோதித்தார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கம்பியைப் போட்டால் கம்பி இருக்கும், போய்ப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் படுத்திருக்கிற மனுஷியைப் புரட்டிப் போடுவதற்கு நீ ஓர் அட்டை போட்டாய் பார், அங்கேதான் எல்லாம் கெட்டது.

படுக்கையின் கால்மாட்டில் தொங்கும் அட்டை. இரண்டு மணிக்கு ஒரு கட்டம், இடம், வலம், மல்லாந்து என்று குறி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஷோபா மாவ்ஷிக்கு எழுத நேரமாகும், பாதிக் கட்டம் காலியாகவே கிடக்கும். முதல் தணிக்கையில் அவள் பார்த்துக்கொண்ட எட்டுப் பேருடைய அட்டையும் காலி என்று குறை எழுதினார்கள். அவளை வார்டிலிருந்து எடுத்துவிட்டுச் சலவைக்குப் போடச் சொன்னது நீ. நான் கேட்டேன், அவள் நன்றாகத்தானே பார்க்கிறாள் என்று. "பதிவு இல்லேன்னா வேலையே நடக்கலேன்னுதான்பா அர்த்தம்" என்று சொன்னாய். எனக்கும் அது பெரிய ஞானம் மாதிரித்தான் பட்டது. பதிவு இருந்தால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தமா என்று திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டு மேசையில் ஐந்து பேனாவோடு உட்கார்ந்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்து என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது, நீ மஸ்கட்டுக்கு வேலையாகப் போய்விட்டாய். அட்டைகளெல்லாம் ஒழுங்காக நிரம்பி வரத் தொடங்கியதும் டாக்டர் யோசித்தார், ஐந்து மாவ்ஷிகள் எதற்கு, மூன்று பேரே எல்லா வேலையையும் முடித்துவிடுகிறார்களே என்று. காகிதத்தில் வேலை முடிந்துவிட்டால் ஆளைக் குறைக்கத்தானே தோன்றும்? புண் வந்தால் அதற்கென்று நீ ஒரு படிவம் வைத்திருந்தாய். யாருடைய ஷிப்டில் வந்தது, ஏன் வந்தது, இனி வராமல் இருக்க என்ன செய்தாய் என்று அந்த மாவ்ஷி விளக்கம் எழுத வேண்டும், மூன்று விளக்கம் சேர்ந்தால் வேலை போகும். ஒருத்தியாவது புண்ணைப் பார்த்தேன் என்று வாய் திறப்பாளா? எங்கள் கம்பெனியில் கழிவு பீஸைக் காட்டினவனைத் திட்டினார்கள். நாலே மாதத்தில் கழிவே இல்லை என்று கணக்கு வந்தது. சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப் போய்க் கால்வாயில் வீசிக்கொண்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியும், உனக்கும் நான் சொல்லியிருக்கிறேன், சேர்ந்து சிரித்திருக்கிறோம். பம்பு பீஸைக் கால்வாயில் வீசலாம். மனுஷி உடம்பில் வந்த புண்ணை எங்கே வீசுவார்கள், போர்வைக்கு அடியில்தான் வைத்திருப்பார்கள்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். நாலு மணிக்குப் போனதும் நான் முதலில் பார்த்தது உன் அம்மாவின் முகத்தை அல்ல, அட்டையைத்தான். என் மகன் வரைந்த அட்டை. பக்கத்துப் படுக்கைக்காரருடைய மருமகள் ஒருநாள் என்னிடம், உங்கள் மகன் செய்ததாமே, எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு யார் வந்தாலும் அட்டையை எடுத்துக் காட்டினேன். முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், பீஸைத் தொடாமல் அதனோடு வந்த சீட்டை மட்டும் படித்துவிட்டு நல்ல பீஸ் என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். வேறு ஒரு இன்ஸ்பெக்டர் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன்.

இதுவாவது முட்டாள்தனம். அடுத்தது அதுகூட இல்லை. ஒருநாள் நாலே கால் மணிக்கு அட்டையை எடுத்தேன். நாலு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது, சரி. ஆறு மணிக் கட்டமும் நிரம்பியிருந்தது. எட்டு மணிக் கட்டத்தில் வலது பக்கம் என்று குறி, கையெழுத்து. இன்னும் வராத நேரத்துக்கு உன் அம்மாவைப் புரட்டிப் போட்டுவிட்டதாக அட்டை சொல்லிற்று. எனக்கு அது புரியவில்லை என்று நினைக்காதே. கண்ணில் பட்டதுமே புரிந்தது, நாமும் அதைத்தானே செய்தோம். ஒரு சத்தம் போட்டிருந்தால் டாக்டர் ஓடி வந்திருப்பார். ஆனால் முந்தின நாள் நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருந்தாய், "இந்த மாசம் அங்க மறுதணிக்கைப்பா, உங்க கோபத்த வச்சுக்கிட்டு எதையும் கிளப்பிராதீங்க" என்று. அட்டையை இருந்த இடத்திலேயே மாட்டினேன். பாவம், மூன்று பேர் இருபத்திரண்டு பேரைப் பார்க்கிறார்கள், முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் பிறகு புரட்டுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் இல்லை தம்பி, பதினோரு நாள் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன். இதை இன்று வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஷோபா மாவ்ஷி சலவைக் கூடத்திலிருந்து ஈரக் கையோடு வந்தாள். வார்டுக்குள் வரக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. உன் அம்மாவின் ஒன்பதாம் எண் படுக்கை விரிப்பு நாலு நாளாக எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியுமா என்று அரைகுறை இந்தியில் கேட்டாள். எந்த விரிப்பில் என்ன வாடை வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மேற்பார்வைக்காரியிடம் சொல்லியும் கேட்கவில்லையாம். பிறகு அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அட்டையைப் படித்தது போதும் பாபா. உள்ளே போய் அவளைப் புரட்டிப் பார்." உள்ளே போனேன். என் கையால் உன் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பிச் சட்டையை விலக்கினேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்த மாவ்ஷி இரண்டு குழந்தைகளுக்குத் தாய், வேலைக்கு வந்து ஐந்து மாதம். அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அவள் விலகக்கூட இல்லை. மதியத்திலிருந்து பதினான்கு பேருடைய அட்டையை எழுதினேன், ஒருவரையும் தொட நேரமில்லை என்று அழுதாள். என் கை தானாக இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். பத்தொன்பது நாள் இருந்தாள். டிரெஸ்ஸிங் செய்கிறவர் தினமும் புண்ணைக் காகித ஸ்கேலால் அளப்பார், நான் பக்கத்தில் நின்று என் டைரியில் எழுதினேன். நீளம் பதினோரு சென்டிமீட்டர், அகலம் எட்டு, ஆழம் எலும்பு வரை. என் வாழ்நாளில் பொய்யே கலக்காமல் நான் எழுதிய ரிப்போர்ட் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இல்லத்தின் பதிவேட்டில் மேல்சிகிச்சைக்காக மாற்றப்பட்டார் என்று எழுதினார்கள். புண் என்ற வார்த்தையே இல்லை. ஆஸ்பத்திரிச் சான்றிதழில் பக்கவாதம் என்று போட்டார்கள். உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அதே நாட்களில் அந்த இல்லம் மறுதணிக்கையில் தேறியது, பாராட்டோடு. உன்னுடைய ஒன்பதாம் பக்கம் இப்படித்தான் பிறந்தது. நீ வேண்டுமென்றே பொய் எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தாய், பூஜ்யம் வந்தது, போட்டுவிட்டாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குளிப்பாட்டுகிற நேரத்தில் போய் ஒரு கிழவியின் முதுகைப் பார்த்தாயா? ஆறு ஊரில் ஆறு இல்லம் திறக்கப் போகிறாய், எத்தனை நூறு பேர் படுக்கப் போகிறார்கள், அத்தனை பேர் கால்மாட்டிலும் அதே அட்டையைத் தொங்கவிடப் போகிறாயா?

கத்திவிட்டுச் சும்மா இருந்தால் அது கிழவன் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவாய், அதனால் என்ன வேண்டும் என்று சொல்கிறேன். அந்தப் பக்கத்தைப் புத்தகத்திலிருந்து எடு. எடுத்தால் போதாது, அந்த முறையில் ஒருத்தி செத்தாள் என்று உன்னை வேலைக்கு வைத்தவர்களிடம் சொல். புண்ணைக் கண்டுபிடித்துச் சொல்கிறவளுக்கு நன்றி சொல்ல வேண்டும், விளக்கம் கேட்கக் கூடாது. சிவப்பாக இருக்கும்போதே அவள் ஓடி வந்து சொல்கிற மாதிரி ஒரு இடமாக அது இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவளை வார்டைவிட்டு அனுப்பாதே, அவளுக்குப் பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவரை நிறுத்து. எத்தனை பேரைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆளுக்கு நேரம் இருக்கும் என்பதை நீயே ஒருநாள் முழுக்க வார்டில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய். சலவைக்காரர்களிடம் பேசு, சமையல்காரனிடம் பேசு. சொல்லாமல் போ, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போ, புரட்டிப் பார். அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பார்த்த பிறகு எழுது. ஷோபா மாவ்ஷி இப்போது மகளோடு ஹடப்சரில்தான் இருக்கிறாள், போன மாதம் சந்தையில் பார்த்தேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டுகிறாளாம். அவளிடம் நீ ஒருநாள் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும், நான் கேட்டுவிட்டேன்.

பால்கனி அறைக்கு நான் வருவேனா என்று கேட்டிருந்தாய். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் போய்விட்டது, நாளைக்கே நானும் விழலாம். எங்கேயாவது ஓரிடத்தில் யாராவது என்னைப் புரட்டிப் போட வேண்டிய நாள் வரத்தான் போகிறது. வீராப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நீ மேலே சொன்னதைச் செய்தால் வருகிறேன், செய்யாவிட்டால் எந்த ஊரில் எந்தக் கட்டிலில் கிடந்தாலும் உன் அட்டை தொங்குகிற கட்டிலில் மட்டும் படுக்க மாட்டேன்.

ஒன்று பாக்கியிருக்கிறது. இத்தனையும் எழுதினது அதைச் சொல்லத் தைரியம் வர வேண்டும் என்பதற்காகத்தான். நீ மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கும்போது உன் அம்மாவைக் குளிப்பாட்டிப் புடவை கட்டிக் கிடத்தியிருந்தோம். நீ வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். போனிலும் புண்ணைப் பற்றிச் சொல்லாமல் பக்கவாதம் முற்றிவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அப்போது அது பாசம் என்று பட்டது. வைகுண்டத்திலிருந்து திரும்பும்போது வண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மா கஷ்டப்படாமப் போனாங்களாப்பா?" என்று கேட்டாய். வைகுண்டம் என்றால் மலருக்காகச் சொல்கிறேன், இந்த ஊர்ச் சுடுகாட்டின் பெயர் அது. "தூக்கத்துலயே போயிட்டாய்யா" என்று சொன்னேன். நீ அதை நம்பினாய், நிம்மதியாகத் திரும்பிப் போனாய், அந்த நிம்மதியில்தான் இன்று ஆறு ஊருக்கு அட்டை அச்சடிக்கிறாய்.

அது பொய், தம்பி. அவளுக்கு இடது கை வேலை செய்தது. இல்லத்தில் இருந்த கடைசிப் பதினோரு நாளும் நான் போய் உட்கார்ந்ததிலிருந்து அந்தக் கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள். என் முகத்தைப் பார்த்துத் தட்டினாள், கண்ணில் நீர் வழியத் தட்டினாள். அமைதியில்லை என்று அட்டையில் எழுதித் தூக்க மருந்து கொடுத்தார்கள். நான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிப்பதாக நினைத்தேன். பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும், சும்மா கிட என்று சொல்லி, அந்தக் கையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் உன் அட்டையை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா